பழத்தின் மூச்சும் பூவின் தூக்கமும்

கல்யாண வீட்டில் உக்கிராண அறை என்று ஒன்று உண்டு. அரிசி மூட்டை முதல் அப்பளக் கட்டு வரையில் சகலமும் அங்கேதான் அடைக்கலம் புகும். அதன் சாவி யார் கையில் இருக்கிறதோ, அவரே அந்த இரண்டு நாளைக்குச் சக்கரவர்த்தி. சில வருஷங்களுக்கு முன் நமது மைத்துனரின் மூத்த பெண்ணுக்கு வைகாசி மாதத்தில் விவாகம் நடந்தபோது அந்தப் பதவி நமக்குக் கிடைத்தது. பள்ளிக்கூட வாத்தியார் கணக்கில் கெட்டியாக இருப்பார் என்று எண்ணி அளித்தார்கள் போலும். அந்தப் பதவியில் இருந்தபோது நாம் செய்த ஒரு பிழையிலிருந்தே இக்கட்டுரை பிறந்தது. பிழை நம்முடையது, அதற்குத் தண்டனை அனுபவித்தவரோ வேறொருவர்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு மேடை அலங்காரத்துக்கான பூக்கள் வந்து சேர்ந்தன. நீலகிரியில் பசுமைக் குடில்களில் வளர்ந்த கார்னேஷன் மலர்கள். ஓரங்களில் சிறு பற்கள் வெட்டிய இதழ்களோடு, வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, வாளித் தண்ணீரில் நின்றிருந்தன. அலங்காரக்காரர் வயதானவர், அடக்கமான மனிதர். "ராத்திரிக்குக் காற்றாட ஓர் இடம் கொடுத்தால் போதும், ஐயா" என்றார். வெளியே வைத்தால் குழந்தைகள் பிய்த்துவிடுவார்களே என்று நாம் அஞ்சினோம். உக்கிராண அறையைத் திறந்து, வாளிகளை உள்ளே வைக்கச் சொல்லி, ஜன்னலையும் பத்திரமாகச் சாத்திப் பூட்டினோம். பந்திக்கும் தாம்பூலத்துக்குமாக வந்திருந்த வாழைத் தார்கள் அதே அறையில் சுவரோரமாகப் பழுத்துக்கொண்டிருந்தன.

விடியற்காலை நான்கு மணிக்குக் கதவைத் திறந்தோம். வாழைப்பழங்கள் பொன்னாக ஜொலித்தன. பூக்களோ ஒன்று பாக்கியில்லாமல் இதழ்களை உள்ளே சுருட்டிக்கொண்டு, தூங்கும் குழந்தையின் மூடிய கைபோல ஆகிவிட்டிருந்தன. தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள், காம்பை நறுக்கிப் பார்த்தார்கள், ஒன்றும் விழிக்கவில்லை. கடைசியில் கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பிச் சாமந்தியும் மல்லிகையும் வாங்கி வந்து ஒருவாறு மேடையை ஒப்பேற்றினார்கள்.

அதன் பிறகு கேட்க வேண்டுமா? "போன வாரத்துப் பூவை நம் தலையில் கட்டிவிட்டான்" என்றார் ஒருவர். "குளிர்ப்பெட்டியில் கிடந்த சரக்கு" என்றார் மற்றொருவர். அந்தப் பெரியவர் நேற்றுக் காலையில் கொய்த பூ என்று சத்தியம் செய்தார். யாரும் கேட்பதாக இல்லை. பேசிய தொகையில் பாதியைப் பிடித்துக்கொள்வது என்று தீர்மானமாயிற்று. மீதியை எண்ணிக் கொடுத்தது நமது கைதான். அவர் எண்ணிப் பாராமலே மடியில் கட்டிக்கொண்டு போனார்.

மறு வருஷம் ஒரு நாள், மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாவரங்களின் வளர்ச்சியை ஆளும் பொருள்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். வருஷந்தோறும் நடத்தும் பாடம். எதிலீன் என்னும் வாயு காயைப் பழுக்க வைக்கும், பூவை வாட வைக்கும் என்று கரும்பலகையில் எழுதினோம். எழுதிய கை அப்படியே நின்றுவிட்டது. புத்தகத்தில் உள்ள எதிலீன் வேறு, உக்கிராண அறையில் உள்ள எதிலீன் வேறு என்று அதுவரையில் எண்ணியிருந்தோம் போலும்!

அன்று முதல் இந்த வாயுவின் சரித்திரத்தைத் தேடிப் படிக்கலானோம். நம் வீட்டில் நடந்த விபத்து ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தில் நடந்திருக்கிறது. அங்கே கண்ணாடி வீடுகளில் கார்னேஷன் பயிரிட்டு விற்றவர்கள் ஒரு விநோதமான நஷ்டத்துக்கு ஆளானார்கள். மலர்ந்த பூக்கள் திடீரென்று மூடிக்கொண்டன; மொட்டுகள் மலராமலே மடிந்தன. "பூக்கள் தூங்கிவிட்டன" என்றே அவர்கள் சொல்வது வழக்கம். வில்லியம் கிராக்கர், லீ நைட் என்ற இரண்டு தாவர ஆராய்ச்சியாளர்கள் இதை ஆராய்ந்து 1908-ல் முடிவை வெளியிட்டார்கள். விளக்கெரிப்பதற்காகக் குழாய்களில் செலுத்திய நிலக்கரி வாயு கசிந்து கண்ணாடி வீடுகளுக்குள் புகுந்திருந்தது. அதில் கலந்திருந்த எதிலீனே குற்றவாளி. இருபது லட்சம் பங்கு காற்றில் ஒரே ஒரு பங்கு எதிலீன் இருந்தாலும், பன்னிரண்டு மணி நேரத்தில் விரிந்த கார்னேஷன் மூடிக்கொள்ளும் என்று அவர்கள் கண்டார்கள். மாலை நான்கு முதல் விடியற்காலை நான்கு வரையில் எத்தனை மணி நேரம் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இதற்கு ஏழு வருஷம் முன்னதாக, 1901-ல், ருஷ்யாவில் நெல்யூபோவ் என்ற இளைஞர் தமது பரிசோதனைச் சாலையில் முளைத்த பட்டாணிச் செடிகள் நேராக வளராமல் தரையோடு படுத்து வளர்வதைக் கவனித்தார். அதே விதையை வெளிக் காற்றில் முளைக்க விட்டால் நேராக நின்றது. எரிவாயு விளக்கின் காற்றில் கலந்திருந்த எதிலீனே அதற்குக் காரணம் என்று நிரூபித்தார்.

பூவுக்கும் செடிக்கும் சத்துருவான இந்த வாயு பழத்துக்கு மித்திரன் என்பது பின்னர் தெரிந்தது. கலிபோர்னியாவில் எலுமிச்சங்காய்களைப் பச்சையாகப் பறித்து, மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் அறையில் வைத்து மஞ்சளாக்கி விற்பார்கள். அடுப்பின் சூடுதான் நிறத்தைத் தருகிறது என்று நம்பியிருந்தார்கள். சூட்டுக்கு வேறு நாகரிகமான ஏற்பாடு செய்தபோது காய்கள் பச்சையாகவே இருந்துவிட்டன! வேலை செய்தது சூடு அல்ல, அடுப்பின் புகை. அப்புகையில் உள்ள எதிலீனே காயை நிறம் மாற்றுகிறது என்பதை டென்னி என்ற ரசாயன நிபுணர் 1924-ல் காட்டினார். 1934-ல் இங்கிலாந்தில் ரிச்சர்டு கேன் இன்னும் ஒரு படி மேலே சென்றார். பழுக்கும் ஆப்பிள் தானே எதிலீனை உண்டாக்கி வெளியே விடுகிறது என்று நிரூபித்தார். வாயு வெளியிலிருந்து வரும் விருந்தாளி மட்டும் அல்ல. பழத்தின் மூச்சிலேயே இருப்பது.

இதைப் படித்தபோது நமக்குப் பெருமையும் வெட்கமும் ஒருங்கே உண்டாயின. நம் ஊர் வாழைக்காய் மண்டிகளில் தலைமுறை தலைமுறையாக மூட்டம் போட்டு வந்திருக்கிறார்கள். தார்களைக் குழியிலோ சிறு அறையிலோ அடுக்கி, புகை செலுத்தி, காற்றுப் புகாமல் மண் பூசி மூடிவிடுவார்கள். திறக்கும்போது பழம் தயாராக இருக்கும். கலிபோர்னியாவின் அடுப்புக்கும் நமது மூட்டத்துக்கும் என்ன வித்தியாசம்? மாங்காயை வைக்கோலில் புதைப்பதும் அரிசிப் பானைக்குள் இடுவதும், காய் விடும் மூச்சைக் கலைந்து போகாமல் தடுத்து அதற்கே திருப்பிக் கொடுக்கும் உபாயங்கள்தாம். பாட்டிக்கு வாயுவின் பெயர் தெரியாது. அதன் குணம் தெரியும். இது பெருமை. ஆனால் "ஏன்?" என்ற கேள்வியை நாம் கேட்காமலே இத்தனை காலம் இருந்துவிட்டோம் அல்லவா? அது வெட்கம்.

பழங்களில் இரண்டு ஜாதி உண்டு. பறித்த பிறகும் பழுப்பவை ஒரு ஜாதி: வாழை, மா, பப்பாளி, சப்போட்டா, கொய்யா, ஆப்பிள், தக்காளி. இவை பழுக்கும் தறுவாயில் திடீரென்று வேகமாக மூச்சு விடுகின்றன. இந்த வேகத்தைக் கேம்பிரிட்ஜ் நகரத்தில் கிட், வெஸ்ட் என்ற இருவர் 1920-களில் ஆப்பிளில் அளந்து கண்டார்கள். திராட்சை, ஆரஞ்சு, மாதுளை, அன்னாசி ஆகியவை மற்றொரு ஜாதி. கொடியிலிருந்து புளிப்பாகப் பறித்த திராட்சையை எத்தனை நாள் வைத்திருந்தாலும் அது இனிக்கப் போவதில்லை. ஆகையால் முதல் ஜாதியைச் சற்று முன்னதாகவும் இரண்டாவது ஜாதியை நன்றாகப் பழுத்த பின்னும் அறுவடை செய்வதே தோட்டக்காரருக்கு விதி.

செடி இந்த வாயுவை எவ்வாறு சமைக்கிறது என்ற இரகசியத்தை, அமெரிக்காவில் ஷாங் ஃபா யாங் என்ற அறிஞர் தம் துணைவரோடு சேர்ந்து 1979-ல் வெளியிட்டார். மெதியோனின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து படிப்படியாக அது உண்டாகிறது. செடி ஏன் அதைச் சமைக்கிறது என்று யோசித்தால் இயற்கையின் ஏற்பாடு விளங்கும். மகரந்தம் சேர்ந்தபின் பூவிதழ்களுக்கு வேலை இல்லை. ஆகவே அவை உதிர வேண்டும். விதை முற்றியபின் காய்க்கு வேலை உண்டு. பறவையும் அணிலும் விரும்பித் தின்னும்படி அது இனிக்க வேண்டும். இரண்டு காரியத்துக்கும் செடி ஒரே தூதனை அனுப்புகிறது. அந்தத் தூதன் பழத்துக்குப் பக்குவத்தையும் பூவுக்கு முடிவையும் கொண்டு போகிறான்.

இனி வியாபாரத்தின் பக்கம் வருவோம். உலகிலேயே வாழைப்பழத்தை அதிகமாக விளைவிப்பது நமது தேசம். 1993-ல் திருச்சிராப்பள்ளியில் ஏற்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம், ரகங்கள், நோய்கள் இவற்றிலிருந்து அறுவடைக்குப் பிந்திய பாதுகாப்பு வரையில் ஆராய்ந்து வருகிறது. தொலைவில் உள்ள சந்தைக்குப் போகும் தாரை முக்கால் பங்கு முற்றிய நிலையில் பச்சையாகவே வெட்டவேண்டும். 13, 14 டிகிரி உஷ்ணத்தில் வைத்தால் அது உறக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்தால் தோல் கறுத்துவிடும்; வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்த வாழைப்பழம் கறுப்பதன் காரணம் இதுவே. விற்கும் ஊரை அடைந்ததும், காற்றை ஈரமாக வைத்த அறையில் 16 முதல் 18 டிகிரியில் அடுக்கி, எதிலீனை ஒரு நாள் செலுத்துகிறார்கள். பிறகு கதவைத் திறந்து, சேர்ந்துவிட்ட கரியமிலவாயுவை வெளியேற்றுகிறார்கள். சில நாட்களில் எல்லாத் தார்களும் ஒரே நிறமாகப் பழுத்துவிடுகின்றன.

"வாயு வைத்துப் பழுக்க வைத்த பழமா? வேண்டவே வேண்டாம்!" என்று தாய்மார்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். இங்கே ஒன்றைப் பிரித்து அறிய வேண்டும். எதிலீன், பழம் தானே உண்டாக்கும் பொருள். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு வரையில் அதை உபயோகிக்கச் சட்டம் அநுமதிக்கிறது. கார்பைடு கல் அப்படிப்பட்டதல்ல. ஈரம் பட்டவுடன் அது அசிட்டிலீன் என்ற வேறொரு வாயுவை விடுகிறது. தொழிற்சாலைக்கென்று செய்யப்படும் அந்தக் கல்லில் ஆர்ஸெனிக், பாஸ்பரஸ் சம்பந்தமான விஷப் பொருள்களும் சிறிது கலந்திருப்பதுண்டு. முற்றாத மாங்காயைக்கூட அது தோலளவில் மஞ்சளாக்கிவிடும். உள்ளே புளிப்பு மாறாது. இந்தியாவில் அதைப் பழங்களுக்கு உபயோகிப்பது குற்றம். 2011-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதிகளும் அதைத் தெளிவாக விலக்கியிருக்கின்றன. ஆயினும் குளிர் அறை கட்ட முதல் இல்லாத சிறு வியாபாரிக்குக் கல் மலிவாகக் கிடைக்கிறது. பொதுவில் பழுக்க வைக்கும் அறைகள் சந்தைதோறும் ஏற்பட்டாலொழியச் சட்டம் மட்டும் அந்தக் கல்லை விரட்டிவிடாது என்பது நமது எண்ணம்.

கொய்மலர் வியாபாரத்தில் இதே வாயுவை விரட்டுவதுதான் பெரிய வேலை. நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் கார்னேஷனைப் பயிரிடுகிறார்கள். தண்டு சாயாமல் இருக்கக் கம்பி வலைகளைத் தட்டுத் தட்டாகக் கட்டுகிறார்கள். பக்க மொட்டுகளை அன்றாடம் கிள்ளி, ஒரு தண்டுக்கு ஒரே மலராக வளர்க்கிறார்கள். வெளி இதழ்கள் விரியத் தொடங்கும்போது, சித்திரக்காரரின் தூரிகை நுனிபோல் இருக்கும் பருவத்தில், கொய்கிறார்கள். ஓசூர்ப் பக்கத்து ரோஜாக்கள் பிப்ரவரி 14-ஆம் தேதிக்கு முன்னால் விமானம் ஏறி வெளிநாடுகளுக்குப் போகின்றன. அவற்றையும் இறுகிய மொட்டாகவே வெட்டுகிறார்கள். வெட்டியவுடன் தண்ணீர், உடனே குளிர் அறை, வாடிய இலைக்கும் உதிர்ந்த இதழுக்கும் அங்கே இடமில்லை, அவையும் எதிலீனை விடுமாதலால். மதுரை மல்லிகைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பறிப்பவர்கள் இருட்டோடு எழுந்து, மொட்டு விரிவதற்கு முன்பே பறித்துவிடுகிறார்கள். அன்றைய பூவை அன்றே விற்றாக வேண்டும்; மறு நாள் அதற்கு விலை இல்லை.

வாயுவின் காதைப் பொத்த முடியாவிட்டாலும், பூவின் காதைப் பொத்த முடியுமா என்று ஆராய்ந்தவர்களும் உண்டு. வெள்ளியின் அயனிகள் எதிலீனின் செயலைத் தடுக்கின்றன என்று 1976-ல் பேயர் என்பவர் கண்டார். இரண்டு வருஷத்தில் ஹாலந்து தேசத்து ஆராய்ச்சியாளர்கள் வெள்ளி தயோசல்பேட் என்ற கரைசலைத் தயாரித்தார்கள். அதைச் சிறிது நேரம் உறிஞ்சிய கார்னேஷன் முன்னைவிட வெகு நாள் வாடாமல் நின்றது. ஆனால் உபயோகித்த கரைசலைக் கொட்டினால் வெள்ளி நீர்நிலைகளைக் கெடுக்கும். பின்னர் அமெரிக்காவில் சிஸ்லர், பிளாங்கன்ஷிப் என்ற இருவர் மெதில்சைக்ளோபுரோபீன் என்ற வாயுவைக் கண்டார்கள். எதிலீன் வந்து அமர வேண்டிய ஆசனத்தில் அது முன்னதாகவே அமர்ந்துகொள்கிறது. எதிலீன் நின்றபடியே திரும்ப வேண்டியதுதான்! 1999 முதல் அங்கே பூக்களுக்கும், சில வருஷங்களில் ஆப்பிள்களுக்கும் அது பயன்படலாயிற்று.

இவ்வளவு ஆராய்ச்சியிலிருந்து நம் வீட்டுக்கு என்ன லாபம்? பழக்கூடையையும் பூவையும் ஒரே இடத்தில் அடைத்து வைக்கலாகாது, குளிர்ப்பெட்டிக்குள்ளும் அப்படியே. அழுகிய பழம் ஒன்றை உடனே எடுத்தெறிய வேண்டும். பழுத்த வாழைப்பழம் ஒன்றைக் காய் மாம்பழங்களோடு காகிதப் பையில் இட்டுக் கட்டினால் கல்லில்லாமலே பழுக்கும். ஜாடியில் பூ வைப்பவர்கள் காம்பின் நுனியைத் தண்ணீருக்குள் சாய்வாக நறுக்க வேண்டும். இல்லாவிடில் காற்றுக் குமிழி நுழைந்து நீர் ஏறுவதைத் தடுக்கும். தண்ணீரில் அமிழும் இலைகளைக் கிள்ளிவிட்டு, தினந்தோறும் தண்ணீரை மாற்ற வேண்டும். வெறும் சர்க்கரை மட்டும் போடுவது கிருமிகளுக்கு விருந்து வைப்பதாகும்.

ஆனால் லாபம் இதோடு முடிவதில்லை. பூவும் பழமும் கெட்டுப்போனால் நாம் உடனே விற்றவரைச் சந்தேகிக்கிறோம். விதைத்தவர், பறித்தவர், சுமந்தவர், விற்றவர் ஆகிய நால்வரில் எவர் ஏழையோ அவர் தலையில் நஷ்டம் இறங்குகிறது. கெட்டது வஞ்சகத்தாலா, வாயுவினாலா என்று கேட்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை.

கரும்பலகையின் முன் நின்ற அந்த வாரமே நாம் அலங்காரக்காரரைத் தேடிச் சென்றோம். சந்தைக்கு அடுத்த சந்தில் அவருடைய கடை இருந்தது. பிடித்துக்கொண்ட தொகையை நீட்டி, நடந்ததைச் சொன்னோம். அவர் பணத்தை உடனே வாங்கவில்லை.

"பணம் போனதை மறந்துவிட்டேன், வாத்தியாரையா. பழம் பூவை விற்றவன் என்று சபையில் சொன்னார்களே, அதைத்தான் மறக்க முடியவில்லை. இதை அவர்களிடமும் சொல்லுவீர்களா?"

"சொல்லுகிறோம், பெரியவரே" என்றோம். மைத்துனரிடம் சொன்னோம்; அவர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். சபையில் இருந்த மற்றவர்களில் சிலராவது இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறோம்.

விடைபெறும்போது அவர் ஒரு விஷயம் சொன்னார். "எங்கள் தகப்பனார் வாழைக்காய் மண்டிக்குப் பக்கத்தில் பூக்கூடையை இறக்க விடமாட்டார். பழக்காற்றுப் பூவுக்கு ஆகாது என்பார். அன்றைக்கு உங்கள் உக்கிராண அறையில் தார்களைப் பார்த்ததும் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. வாத்தியாருக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டேன்."

நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு இரண்டு கல்யாணங்களில் உக்கிராணச் சாவி நம் கைக்கு வந்திருக்கிறது. இரண்டிலும் பூ வந்து இறங்கியதும் கொண்டு வந்தவரைத்தான் முதலில் கேட்டோம், எங்கே வைக்கலாம் என்று.